வெள்ளைத் துணியில் திருநீறு

எங்கள் கம்பெனியில் என்னை யாருக்கும் பிடிக்காது. காரணம் என் கையிலிருக்கும் ஈரத்துணி. மடிப்பு ஹாலுக்கு நான்தான் மேற்பார்வை. காலை ஷிப்ட் தொடங்குகிற நேரத்தில் அதன் வாசலில் அந்த ஈரத்துணியோடு நிற்பேன். உள்ளே வருகிற ஒவ்வொருத்தியின் நெற்றியையும் துடைத்துவிடுவேன். பொட்டு, திருநீறு, குங்குமம், சந்தனம் எதுவும் உள்ளே போகக் கூடாது. பூவும் வளையலும் வெளியே. நகம் வளர்ந்திருந்தால் நகவெட்டி என்னிடம் தயாராக இருக்கும். செல்போன்களெல்லாம் வாசலில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி, முழங்கை வரைக்கும் சோப்பு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் துணியைத் தொட விடுவேன்.

சுந்தரபாண்டியத்திலிருந்து வருகிற ஒருத்தி இருக்கிறாள். அவள் வாய்க்கு முகமூடி போட்டும் பிரயோஜனம் இல்லை. நெற்றியைத் துடைக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வாள்.

"வெறும் நெத்தியோட உள்ள அனுப்புதீகளே, எங்க வீட்டுக்காரரு நல்லா இருக்க வேண்டாமா?"

"அவன் நல்லாத்தான் இருக்கான். நேத்து சாயங்காலம் ஒயின்ஷாப் வாசல்ல பாத்தேன். போ உள்ள."

நாங்கள் செய்வது காஸ் துணி. வலை மாதிரி மெலிசாக இருக்கும். ஆபரேஷன் மேசையில் ரத்தத்தை ஒற்றி எடுப்பதும் புண்ணில் வைத்துக் கட்டுவதும் அதுதான். இராஜபாளையத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நூலாகி, தறியில் துணியாகி, தொட்டியில் வெளுத்து எங்களிடம் வரும். நாங்கள் வெட்டி, மடித்து, உறையில் போட்டு, கிருமி சாக நீராவி அறைக்குள் ஏற்றுவோம். வெட்டின ஓரம் உள்பக்கமாகப் போக வேண்டும். ஒரு பிசிறுகூட வெளியே தெரியக் கூடாது. பிசிறு புண்ணுக்குள் போனால் சீழ் பிடிக்கும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். என் வீட்டுக்காரர் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து டி.வி.யில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ராணுவத்தில். வடக்கே எல்லைப் பக்கம் இருக்கிறான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்திலோ போலீஸிலோ இருப்பார். அதனால் அதைப் பெரிய விஷயமாக யாரும் பேசிக்கொள்வதில்லை. மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று சொல்கிற வீட்டுக்காரிதான் தெருவில் கொஞ்சம் அதிகமாகத் தலையைத் தூக்கி நடப்பாள்.

அந்த அக்னி நட்சத்திர வெயிலில்தான் சண்டை வரும் வரும் என்று டி.வி. கத்தத் தொடங்கியது. மகன் ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, கொஞ்ச நாளைக்குப் போன் வராது. பயப்படாத. வராட்டி நல்லா இருக்கேன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. வந்தால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம் சொன்னால் புரிந்துகொள்ளலாம். அதன் பிறகு போன் வரவே இல்லை.

மருமகள் பிள்ளையோடு சோழபுரத்தில் தன் தாய் வீட்டில் இருந்தாள். காலையில் அவள் எனக்குப் போன் பண்ணுவாள். "அத்தை, உங்களுக்குப் பேசுனாகளா?" சாயங்காலம் நான் அவளுக்குப் பண்ணுவேன். "உனக்காச்சும் பேசுனானா?" இரண்டு பேருக்கும் இல்லை என்று தெரிந்த பிறகும் பேசிக்கொண்டே இருப்போம். பிள்ளை சாப்பிட்டதா, தண்ணீர் வந்ததா என்று. போனை வைப்பதற்குப் பயம்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் அழகான தமிழ் பேசுவார். பதற்றம் வந்தால் மட்டும் தெலுங்கு முந்திக்கொண்டு வந்துவிடும். அவர் ஒருநாள் காலையில் எல்லாரையும் மரத்தடியில் கூட்டி வைத்துப் பேசினார். ராணுவத்துக்குக் கட்டுத்துணி கேட்டு ஆர்டர் வந்திருக்கிறது, வழக்கமாக ஒரு வருடத்தில் செய்வதை ஒன்றிரண்டு மாதத்தில் செய்துகொடுக்க வேண்டும், நாட்டுக்காக நாம் எல்லாரும் கை கொடுக்க வேண்டும் என்றார். நாட்டுக்காக என்றதும் சிலர் கை தட்டினார்கள். சுந்தரபாண்டியத்துக்காரி என் காதில், "நாட்டுக்காகன்னா காலு வலிக்காதாக்கும்?" என்றாள். எனக்கு அப்போது முழங்கால் வலி உச்சத்தில் இருந்தது. அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

யுத்தம் என்றால் துப்பாக்கி, விமானம், டாங்கி என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கம் யுத்தம் வந்தது வேறு மாதிரி. சேலை நெய்துகொண்டிருந்த தறிகளில் பாவு நூலை மாற்றிக் காஸ் துணி ஓட்டினார்கள். மில்லில் மெல்லிய நூலை நிறுத்திவிட்டு எங்களுக்கான நூலைப் போட்டார்கள். சலவைத் தொட்டிக்குத் தண்ணீர் போதவில்லை என்று லாரி லாரியாக வந்து கொட்டியது. அந்த வாரம் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வரவில்லை. கொதிகலனுக்கு விறகு ஏற்றிக்கொண்டு ராத்திரி பகலாக லாரி ஓடியது. ஆள் போதாமல் சோழபுரத்திலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் வயல் வேலைக்குப் போகிற பெண்களை வேனில் ஏற்றி வந்தார்கள். பள்ளிக்கூட லீவு ஆனதால் பள்ளிக்கூட வேன்கள் சும்மா நின்றன, அவற்றையே பிடித்துக்கொண்டார்கள். கை கால் காய்த்துப்போன பெண்கள் முயல்குட்டியும் யானைக்குட்டியும் வரைந்திருந்த மஞ்சள் வேனிலிருந்து குனிந்து குனிந்து இறங்குவதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

அவர்களுக்கு மடிக்கச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. நாற்று நட்ட கை பழகிவிடும், வேகமும் வரும். ஆனால் சுத்தம் வருவதற்கு நாள் ஆகும். தும்மினால் துணியில் தும்முவார்கள். வியர்த்தால் மடித்த துணியிலேயே முகத்தைத் துடைக்கப் போவார்கள். நான் கத்துவேன். மூன்று ஷிப்ட் ஓடியது; என் ஷிப்ட் முடிந்தாலும் அடுத்த ஷிப்டில் பாதி வரைக்கும் நின்றேன். பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிவிடுவேன். கண்டக்டர் ஒருநாள் எழுப்பி, "அக்கா, கோபுரம் வந்திருச்சு, எறங்குங்க" என்றார்.

வீட்டுக்குப் போனால் அங்கே யுத்தம் முழு மூச்சில் நடந்துகொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் டி.வி. முன்னால் உட்கார்ந்து படையை நடத்துவார். "இந்தப் பக்கமா போய் அடிச்சிருக்கணும்" என்பார். டி.வி.யில் கோட்டுப் போட்டவர்கள் அதற்கு மேல் கத்துவார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அவிய அம்புட்டுப் பேரையும் ஒரு வேன்ல ஏத்தி நம்ம கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்க. மடிக்க ஆள் பத்தல."

அவர் டி.வி.யை நிறுத்தினார். ரிமோட்டைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு, "சத்தம் இல்லேன்னா அவன் நெனப்பு வருது" என்றார். நான் டி.வி.யைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

கம்பெனியில் ஹாலுக்குள் இருக்கிற நேரம்தான் கஷ்டம். என் போன் வாசலில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும். பெட்டிக்குள் எந்தப் போன் அடித்தாலும் தகரம் அதிரும். உள்ளே எல்லாரும் நிமிர்ந்து என்னைத்தான் பார்ப்பார்கள். நான் யாரையும் பார்க்க மாட்டேன். வெளியே போய்விட்டு வந்தால் மறுபடியும் சோப்பு, மறுபடியும் தொப்பி, எல்லாம் முதலிலிருந்து. முதலாளிகூட ஒருநாள், "நீங்க மட்டும் போனை உள்ள வச்சுக்கோங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். வேண்டாம் என்றேன். எனக்கும் ஆசைதான். ஆனால் அத்தனை பேரின் பூவையும் பொட்டையும் பிடுங்கிவிட்டு நான் மட்டும் போனோடு நின்றால் அடுத்த நாள் எந்த முகத்தோடு ஈரத்துணியைத் தூக்குவேன்?

அந்த நாட்களில் ஹாலில் ஒரு மாற்றம் தெரிந்தது. சளசளவென்று பேசுகிற கூட்டம் வாயை மூடிக்கொண்டு மடித்தது. சுந்தரபாண்டியத்துக்காரிகூடப் பேசவில்லை. ஒவ்வொரு துண்டையும் மடித்து, கடைசி மடிப்பில் விரலை வைத்து ஒரு கணம் நிறுத்தி, பிறகு அடுக்கினாள். நாட்டுப்பற்று வந்துவிட்டது போல என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வேலை மெதுவாகத்தான் நடந்தது, ஆனாலும் திட்டவில்லை.

முதல் லாட் நீராவி அறைக்குப் போய் வந்தது. மறுநாள் ஆர்டர் கொடுத்த இடத்திலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். சின்ன வயதுதான், பேச்சு குறைவு. பெட்டிகளிலிருந்து கைக்கு வந்த பொட்டலங்களை எடுத்துப் பிரித்தார். முதல் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டாவதை எடுத்தார். பிறகு மடிப்பை ஒவ்வொன்றாக விரித்து மேசையில் பரப்பினார். உள் மடிப்பில் விரல் நுனி அளவுக்கு ஒரு சாம்பல் கறை. ஒன்றில் இருந்தால் தூசி என்று சொல்லலாம். அவர் பிரித்ததில் பாதிக்கு மேல் அதே இடத்தில் அதே கறை.

"ஏமம்மா இதி?" என்றார் முதலாளி. இது என்னம்மா என்று கேட்கிறார்; தெலுங்கு வந்துவிட்டது. கறையைத் தொட்டுக் காட்டினார்.

நான் ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தேன். நற நறவென்றது. மூக்கருகே கொண்டுபோனேன். நீராவியில் வெந்த பிறகும் வாசனை போகவில்லை. திருநீறு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வாசலில் நெற்றி நெற்றியாகத் துடைத்து அனுப்பிய என் ஹாலில், மடிப்புக்கு மடிப்பு திருநீறு. வந்தவர் அந்த லாட்டை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரி. திறந்த புண்ணில் சாம்பலை வைத்துக் கட்டச் சொல்ல முடியுமா? முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, யார் செய்தது என்று கண்டுபிடியுங்கள், அவர்கள் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

எல்லாரையும் மரத்தடிக்கு வரச் சொன்னேன். கறை பிடித்த துண்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இது யாரு வேல?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். நான் என்னவெல்லாமோ பேசினேன். சோறு போடுகிற இடம் என்றேன். அங்கே உயிருக்குப் போராடுகிறவனுக்குப் போகிற துணி என்றேன். உங்கள் பிள்ளையாக இருந்தால் செய்வீர்களா என்றேன். அப்போதுதான் சுந்தரபாண்டியத்துக்காரி முன்னால் வந்தாள். தொப்பியைக் கழற்றினாள். கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே சின்னக் காகிதப் பொட்டலம்.

"நாந்தான்க்கா. மாரியம்மன் கோயில் துன்னூறு. குங்குமம்னா செவப்பு, தெரிஞ்சிரும். இது வெள்ளத் துணியில வெள்ளையாத்தான இருக்கும்னு நெனச்சேன். வெந்தா கறுக்கும்னு எனக்குத் தெரியாது."

"உனக்கு எதுக்குட்டி இந்த வேல? ஒம்புருசன் சண்டைக்குப் போயிருக்கானா?"

"ஒங்க மகன் போயிருக்கான்ல."

தூக்கிப் பிடித்திருந்த துண்டைக் கீழே இறக்கினேன். அவள் நிறுத்தவில்லை.

"நீங்க பெட்டி அடிக்கும்போதெல்லாம் மூஞ்சிய எங்கிட்டோ திருப்பிக்கிடுதீக. எங்களுக்குத் தெரியாதா? அவனுக்கு அடிகிடி பட்டா இந்தத் துணியத்தான வச்சுக் கெட்டுவாக. எந்தத் துண்டு அவன்கிட்டப் போவுமோ யாரு கண்டா? அதான் எல்லாத்துலயும் வச்சேன். எல்லாத்துலயும் வச்சாத்தான அவனுக்கும் போயிச் சேரும்."

அவள் சொன்னதும் பின்னாலிருந்து இன்னொருத்தி கொண்டையை அவிழ்த்தாள். பிறகு இன்னொருத்தி. பள்ளிக்கூட வேனில் வந்த வயல்காட்டுப் பெண்களும் அவிழ்த்தார்கள். என் மகன் கறுப்பா சிவப்பா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பாதி ஹால் கொண்டையை அவிழ்த்துவிட்டு என் முன்னால் தலைவிரி கோலமாக நின்றது. எனக்குத் திட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒருத்தி மடித்ததில் மட்டும் ஒரு கறையும் இல்லை. சர்ச்சுக்குப் போகிறவள், மூலை மேசையில் உட்காருபவள். நீயாவது ஒழுங்காக இருந்தாயே என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் ஒவ்வொண்ணுலயும் விரலால சிலுவை போட்டேன்க்கா. அது கறை பிடிக்காதுல்ல" என்றாள். அந்த நிலையிலும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதலாளிகூடச் சிரித்தார். சிரித்த பிறகு யாரையும் வேலையை விட்டு நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. பாதிப் பேரை நிறுத்தினால் அடுத்த லாட்டை யார் மடிப்பது என்பதும் ஒரு காரணம்.

கறை பட்ட துணி ராணுவத்துக்கு ஆகாது. ஆனால் குப்பையில் போடவும் மனம் வராது. பிரித்து, திரும்பவும் தொட்டியில் போட்டு அலசி, சாதாரண மருந்துக்கடைக்குப் போகிற கட்டுத்துணியாகச் செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. செய்தவர்களே பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். காலை முழுக்க ஹாலில் புது லாட்டுக்கு மடிப்பது, மதியத்துக்கு மேல் சலவை முற்றத்தில் உட்கார்ந்து பழையதைப் பிரிப்பது. பார்த்துப் பார்த்து மடித்ததைப் பிரிப்பது மடிப்பதைவிடக் கஷ்டம். விரல் நுனியெல்லாம் காய்ந்து வெடித்தது. எல்லார் கொண்டையையும் இப்போது அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். ஈரத்துணியோடு சீப்பும் சேர்ந்துகொண்டது.

சலவை முற்றம் திறந்தவெளி. அங்கே போன் கூடாது என்று சட்டம் இல்லை. எல்லாரும் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்; நானும்தான்.

அங்கே தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. தெரியாத எண். ஈரக் கையால் எடுத்ததில் நழுவித் தொட்டி விளிம்பில் விழுந்தது. சுந்தரபாண்டியத்துக்காரி பாய்ந்து பிடித்து என் காதில் வைத்தாள்.

"அம்மா, நான்தான். நல்லாருக்கேன். கையில லேசா காயம். கெட்டுப் போட்டாச்சு. பயப்படாத. அவகிட்டச் சொல்லிரு. இன்னொருத்தர் பேசணும், வைக்கேன்."

அவ்வளவுதான். நான் "சாப்டியாடா" என்று கேட்டது காற்றுக்குத்தான் போயிருக்கும்.

என் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கையில் காயம், கட்டுப் போட்டாச்சாம் என்றேன். சுந்தரபாண்டியத்துக்காரி ஈரக் கையோடு தலைக்கு மேல் கும்பிட்டாள்.

"பாத்தீகளா! துன்னூறு வேலையக் காட்டிருச்சு!"

"ஏட்டி, அந்தத் துன்னூறு அம்புட்டும் இந்தாத் தொட்டிக்குள்ள கெடக்கு. ஊரத் தாண்டல."

"தாண்டாட்டி என்ன? ஆத்தாளுக்கு இங்கேருந்து அங்க எம்புட்டுத் தூரம்?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்தேன். உட்கார்ந்து அழுதேன். அவர்களும் அழுதார்கள். பிறகு மருமகளுக்குப் போன் போட்டேன். பிறகு மறுபடியும் பிரித்தோம்.

சண்டை எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவருக்கு அதில் வருத்தம்கூட இருந்தது. ஒரு சாயங்காலம் நின்றுவிட்டது என்றார்கள். எங்கள் பக்கம் நிற்பதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனது. ஓட ஆரம்பித்த தறியை உடனே நிறுத்த முடியாது; பாவில் இருக்கிற நூல் முடிய வேண்டும். புது லாட் கறை இல்லாமல் முடிந்து குடோனில் அடுக்கி நின்றது. அவசரம் இல்லை, சொல்லும்போது அனுப்புங்கள் என்று செய்தி வந்தது. மூன்று ஷிப்ட் இரண்டாகி, இரண்டு ஒன்றானது. மஞ்சள் வேன்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போயின.

கடைசி நாள் வயல்காட்டுப் பெண்களில் ஒருத்தி என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். வேலை கிடைத்த தைரியத்தில் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தாள்; பாதி வேலைதான் முடிந்திருந்தது. "இன்னும் ஒரு மாசம் இழுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. அவள் கூரை அவளுக்கு. என் மகனுக்காகக் கொண்டையில் திருநீறு முடிந்து வந்தவளும் அவள்தான். இரண்டும் ஒரே மனதுக்குள்தான் இருந்தன, என்ன செய்வது? வேன் ஏறும்போது, காலையில் நான் துடைத்த அவள் நெற்றியில் நானே ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

மழைக்காலத்தில் மகன் லீவில் வந்தான். மேல் கையில் தழும்பு. பெரிதில்லை என்று சொல்லியிருந்தான். பார்த்தால் கொஞ்சம் பெரிதுதான். மருமகள் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் சோறு போட்டுக்கொண்டே கம்பெனிக் கதையைச் சொன்னேன். கொண்டை அவிழ்த்த கதை, சிலுவை போட்ட கதை எல்லாம். அவன் புரையேறும் அளவுக்குச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "எனக்குக் கெட்டின துணி நம்ம ஊருதாம்மா" என்றான்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"உறையப் பாத்தேன். பல்லால கடிச்சுக் கிழிக்கும்போது கண்ணு முன்னாடி இராஜபாளையம்னு போட்டிருந்துச்சு. வலியிலயும் சிரிப்பு வந்துருச்சு. பக்கத்துல இருந்தவன் இவனுக்குக் கோட்டி பிடிச்சிருச்சுன்னு நெனச்சிருப்பான்."

எனக்குள் இருந்த மேற்பார்வைக்காரி முந்திக்கொண்டாள். "எந்த வருசத்துச் சரக்கு? அதுவும் போட்டிருக்குமே?"

அவன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"நீ எங்கிட்டப் பேசாம இருந்தேல்லம்மா, அந்த வருசம்."

அது சில வருடங்களுக்கு முந்தின கதை. அந்த வருடம் அவன் சர்வீஸை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வருவான் வருவான் என்று வீட்டுக்கு வெள்ளைகூட அடித்து வைத்திருந்தேன். அவன் இன்னும் சில வருடம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எழுதிக் கொடுத்த பிறகுதான் சொன்னான். அன்றைக்குப் போனை வைத்தவள்தான், அந்த வருடம் முழுக்க அவனிடம் பேசவில்லை. அவன் போன் பண்ணினால் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். ஹாலில் அவன் நினைப்பே வரக் கூடாது என்று வேலையில் விழுந்தேன். மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் மடித்தார்கள். நான் ஒவ்வொரு துண்டாகப் பிசிறு பார்த்தேன். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் தூக்கி எறிந்தேன். அந்த வருடம் என்னிடம் திட்டு வாங்காத பெண் கிடையாது.

எங்கள் ஊரில் எத்தனையோ கம்பெனி. அது எங்கள் ஹாலில் மடித்ததுதான் என்று சொல்ல முடியாது. யார் மடித்ததோ. ஆனால் அதில் திருநீறும் இல்லை, சிலுவையும் இல்லை, என் மகன் நினைப்பும் இல்லை. ஏதோ ஒரு சாதாரண மதியம், யாரோ ஒருத்தி தூக்கக் கலக்கத்தில், ஓரத்தை உள்ளே விட்டு ஒழுங்காக மடித்த வெறும் சுத்தமான துணி. அவன் ரத்தத்தை நிறுத்தியது அதுதான்.

"சீழ் பிடிச்சுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நல்லா ஆறிருச்சு."

நான் எழுந்து ரசம் எடுக்க அடுப்படிக்குப் போனேன். ரசம் அவன் பக்கத்திலேயேதான் இருந்தது. அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் கூப்பிடவில்லை, ரசத்தை அவனே ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். வாசலில் ஈரத்துணியோடு நின்றேன். சுந்தரபாண்டியத்துக்காரி வந்தாள். நெற்றியில் திருநீறு, நடுவில் குங்குமம்.

"மகன்தான் வந்தாச்சே. இன்னைக்காச்சும் விடக் கூடாதா?"

நேற்று அவன் சொன்னதை இவளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஆத்தாளுக்கு எந்தத் தூரமும் தூரமில்லை. அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு இவள் மடிக்கப் போகிற துணி எந்தக் குடோனில் எத்தனை வருடம் காத்திருக்குமோ. எந்தச் சண்டைக்குப் பிரிப்பார்களோ. அப்போது பல்லால் கடித்துக் கிழிக்கப் போகிறவன் இப்போது எந்தத் தெருவில் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிறானோ.

"நெத்தியக் காட்டுட்டி" என்றேன். காட்டினாள். அழுத்தித் துடைத்துவிட்டு, கொண்டையையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, உள்ளே அனுப்பினேன்.